ஆறு சிட்டம்

குறும்பனையில் கம்பளி நூல் எதுக்கு பிள்ளே
என்று கேட்டாள் வியாகுலம்.
மே மாசம். கூரைத் தகடு வெடிக்கிற வெயில்.
நானோ வெளிநாட்டு ஆட்டின் மயிரைச்
சோறு வடிக்கிற சருவத்தில்
ஊறவைத்துக் காத்திருந்தேன்.

லீவில் வந்த கூட்டாளியிடம் நீ கொடுத்துவிட்டது, ஆறு சிட்டம்.
எல்லாம் வெள்ளை.
ஸ்காட்லாந்தில் சாயம் ஏறியதற்கு விலை கூட என்றாய்.
பையைத் திறந்தேன்,
மழை நனைந்த கொட்டில் மணம்.
உனக்க வியர்வை இருக்குமா என்று
அடிவரை தேடினேன். இல்லை.

கருங்கல் பேக்கரியில்
ஊரார் பிள்ளைகளின் பேரை
கேக்கில் எழுதுகிறவள் நான்.
தீரப்போகிற டப்பாவை முதலாளி எண்ணுவதில்லை.
நீலம் அரை டப்பா, ரோஸ் ஒரு வழி.
கேசரிப் பவுடர் மட்டும் காசு கொடுத்து.
மீன் ஊறுகாய்க்கு வாங்கிய வினிகர் வீட்டில் கிடந்தது.

முதல் சிட்டம் கத்தரிப்பூ நிறத்துக்கு.
நீலத்தையும் ரோஸையும் ஒரே வெள்ளத்தில் விட்டேன்.
ரோஸ் நூலைக் கண்டதும் பாய்ந்து ஒட்டிக்கொண்டது.
நீலம்
பெண் பார்க்க வந்த வீட்டு நடையில்
செருப்பைக் கழற்றாமல் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி
நின்றது, நின்றது,
பிறகு மனமில்லாமல் அங்கங்கே.
சைக்கிளில் விழுந்த முட்டி
மூன்றாம் நாள் இருக்குமே, அந்த நிறம்.

இரண்டாவதை அகப்பை விட்டுக் கிண்டினேன்.
பாயசம் கிண்டின கை, சும்மா இருக்குமா.
கிண்டினால் கம்பளிக்குக் கோபம் வரும் என்று
யாரும் சொல்லவில்லை.
சுருங்கி, இறுகி, கதம்பைத் துண்டு போல் ஆனது.
இப்போ சருவம் தேய்க்கிறது அதை வைத்துத்தான்.
நல்லாத் தேய்க்குது.

ராத்திரி போனில் காட்டினேன்.
நீலம் கேட்பாய் என்றிருந்தேன்.
"தொப்பின்னா கேசரிக் கலர் போடு."
"ஒனக்கு நீலம்தானே பிடிக்கும்?"
"பிடிக்கும். விழுந்தா தெரியாது."
மழை வந்தா என்கிற அதே குரலில் சொன்னாய்.
பிறகு உருளைக்கிழங்கையே எத்தனை நாள்
தின்பது என்று பேசினாய்.
நான் உம் கொட்டினேன்.

மூன்று சிட்டத்துக்கும் கேசரி.
பாக்கெட்டில் ஒரு சிட்டிகை என்று போட்டிருந்தது.
முழுசாய்க் கொட்டினேன்.
தீயைக் குறைத்து, மூடி,
அகப்பையை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டு
கை கட்டி உட்கார்ந்தேன்.
வியாகுலம் மூடியைத் தூக்கி
நெய் விட்டியா என்றாள்.

அரைமணி கழித்துப் பார்த்தால்
சருவத்தில் வெறும் வெள்ளம்.
கிணற்றில் கோரினது எப்படியோ அப்படி.
ஆறினபின் விரலை விட்டேன், நகத்தில்கூட ஏறவில்லை.
அத்தனையையும் நூல் குடித்திருந்தது.

ஆறாவதை நீலத்தில் போட்டேன்,
உனக்க பேச்சை நம்பாமல்.

ஒரு முழம் நீலம், ஒரு முழம் கேசரி,
இரண்டு தெர்மாகோல் துண்டில் சுற்றி
வியாகுலத்தின் மகன் பெல்ஜினிடம் கொடுத்தேன்.
வள்ளத்தில் போய் அலைக்கு அப்பால் போட்டான்.
தூண்டில் வளைவுக் கல்லில் நின்று எண்ணினேன்.
மூன்றாவது அலையில் நீலம் போனது.
கேசரி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி,
நாற்பத்திமூன்று வரை.
நீ சொன்னது சரி.
சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சூரியன் இறங்கினது.
கடல் முழுக்க
யாரோ பாக்கெட்டைக் கொட்டின மாதிரி கேசரி.
உனக்க நிறத்தைக் காணோம்.
கண்ணைச் சுருக்கினேன், கல்லில் ஏறினேன், காணோம்.
அப்போது அங்கே
கறுப்பாய் ஒரு புள்ளி.
நீலம்தான் அது.
ஐந்து நிமிஷம் இருக்கும். இருட்டிவிட்டது.

தலைச் சுற்றளவு அனுப்பு.
தொப்பி கேசரி, நீ கேட்டபடி.
உச்சியில் நீலத்தில் ஒரு குஞ்சம்,
பெரிசாய்.
கூட இருக்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும்.
கழற்றிவிடாதே.
அது அந்த ஐந்து நிமிஷத்துக்கு.